ரோலில் மிஞ்சிய படங்கள்

வைகைக்கரை எழுதியது:

ஒரு ரோலில் 36 படங்கள். கவனமாகச் சுற்றிப் போட்டால் 37ஆவதாக ஒன்றும் கிடைக்கும். பிலிம் காலத்தில் பத்திரிகையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசிப் படத்தின் ருசி தெரியும்.

மதுரையில் ஒரு தமிழ் நாளிதழில் 1994 முதல் 26 ஆண்டுகள் புகைப்படக்காரராக இருந்தேன். அப்போதெல்லாம் 100 அடிச் சுருளாக பிலிம் வாங்கி, இருட்டில் வைத்து வெட்டி, பழைய டப்பாக்களில் நாங்களே சுற்றிக்கொள்வோம். காலையில் ஒரு திறப்பு விழா, பகலில் ஒரு மறியல், மாலையில் ஒரு பொதுக்கூட்டம். மூன்றுக்கும் சேர்த்து முப்பது படங்கள் எடுத்தால் அதிகம். அன்றைய ரோலை அன்றே கழுவியாக வேண்டும். மிச்சம் இருக்கிறதே என்று மறுநாள்வரை காத்திருக்க முடியாது. அதனால் அலுவலகம் திரும்பும் வழியில் அந்த மிச்சத்தை எனக்காக எடுப்பேன்.

கீழவாசலில் கைவண்டிக்கு அடியில் நிழல் தேடிப் படுத்திருந்த சுமைதூக்கும் தொழிலாளி. கூட்டம் கலைந்த பிறகு, தன் உயரத்துக்கு மேல் நாற்காலிகளை அடுக்கித் தூக்கிப் போகும் பந்தல்காரப் பையன். பந்தோபஸ்துக்கு வந்து, பூட்டிய கடையின் படிக்கட்டில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரிக்கும் பெண் காவலர்கள். தலைவர் வரத் தாமதமானதால் ஒலிபெருக்கிக் குழாயின் மேல் தலைசாய்த்துத் தூங்கிவிட்ட மைக்செட்காரர்.

இவற்றுக்கு அன்று ஒரு மதிப்பும் கிடையாது. இன்று வெளிச்சப் பலகையில் வைத்துப் பார்க்கும்போது, பத்திரிகையில் அச்சான படங்களில் பாதிக்கு மேல் ஒன்றுபோலவே இருக்கின்றன. குத்துவிளக்கு, பொன்னாடை, ரிப்பன், பெரிய அட்டைக் காசோலை. முகங்கள்தான் மாறுகின்றன. ஊர் இருப்பது மிச்சப் படங்களில்.

அலுவலகம் கழித்தபோது கேட்டு வாங்கி வந்த நெகட்டிவ்கள் இரண்டு இரும்புப் பெட்டி நிறைய என் வீட்டில் இருக்கின்றன. இந்தத் தொழிலில் இருந்தவர்கள், இருப்பவர்கள் சொல்லுங்கள்: உங்களுக்கென்று எடுத்தவற்றை என்ன செய்தீர்கள்?


இருட்டறை எழுதியது:

தம்பி, நான் உங்களுக்கு மூத்தவன். 1971இல் திருநெல்வேலியில் தொடங்கினேன். ஊட்டித் தொழிற்சாலையில் தயாரான இந்து பிலிமைப் போட்டு எத்தனையோ தேர்தல்களை எடுத்தவன்.

கழுவுவதைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அது எங்கள் காலத்தில் பாதி வேலை. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். நெல்லையில் மே மாதம் குழாயைத் திறந்தால் தண்ணீர் கை சுடும். ஐஸ் கடையில் துண்டு வாங்கி, மரத்தூளைக் கழுவி, வாளியில் போட்டு, அதற்குள் ரசாயனப் பாத்திரத்தை இறக்கி வைப்பேன். அவசரப்பட்டுக் குளிர்ந்த டெவலப்பரிலிருந்து எடுத்த பிலிமைச் சூடான தண்ணீரில் போட்டுவிட்டால், கோடையில் குளத்து மண் வெடிப்பதுபோல் மேல்பூச்சு வெடித்துவிடும். அப்படி ஒரு முதலமைச்சர் வருகையை முழுதாக இழந்திருக்கிறேன்.

பிறகு பிரிண்ட். அது முழுதாகக் காய்வதற்குள் உறையில் வைத்து, பின்பக்கம் பென்சிலால் குறிப்பு எழுதி, மதுரைக்குப் போகும் இரவு பஸ் நடத்துனரிடம் கொடுக்க வேண்டும். அங்கே அலுவலகப் பையன் பஸ் நிலையத்தில் காத்திருப்பான். வழியில் டயர் பஞ்சரானால் படம் செத்தது. மறுநாள் காலையில் பத்திரிகையை விரித்து, என் படம் இருக்க வேண்டிய இடத்தில் தலைவரின் பழைய பிளாக்கில் அச்சான படத்தைப் பார்க்கும்போது நெஞ்சு எரியும்.

உங்களிடம் ஒரு கேள்வி. அந்த மிச்சப் படங்களுக்குக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறீர்களா?


வைகைக்கரை எழுதியது:

இல்லை ஐயா. செய்திப் படங்களுக்கு உண்டு. எனக்கென்று எடுத்தவற்றுக்கு ஒரு எழுத்துகூட இல்லை. நினைவில் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.


செவ்வந்தி எழுதியது:

நான் புகைப்படக்காரர் அல்ல; ஒரு புகைப்படக்காரரின் மகள். திருச்சியில் அப்பா ஒரு நாளிதழுக்கு மாவட்டப் புகைப்படக்காரராக இருந்தார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பெட்டியைப் போன மாதம்தான் திறக்க முடிந்தது.

ஐயா, ரோலை முடிப்பதற்காக மிச்சப் படங்களை எடுப்போம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. எனக்கு விளங்காமல் இருந்த ஒன்று அப்போதுதான் விளங்கியது. ஒரு நெகட்டிவ் துண்டில் ஆறு படங்கள். முதல் நான்கிலும் நெடுஞ்சாலையில் கவிழ்ந்து கிடக்கும் ஒரு பஸ். சாலையோரம் துணி போர்த்திய உடல்கள். ஐந்திலும் ஆறிலும் நான். எனக்கு ஆறு வயது. புதுப் பாவாடை, கையில் கேக் வெட்டும் கத்தி, பின்னால் அம்மா.

அன்று அப்பா மிகவும் தாமதமாக வந்தார் என்றும், வந்ததும் ஒன்றும் பேசாமல் இரண்டு படம் எடுத்துவிட்டு உடனே கிளம்பிவிட்டார் என்றும் அம்மா சொல்லியிருக்கிறார். என் பிறந்தநாளை மறந்துவிட்டார் என்று பல ஆண்டுகள் அவர் மேல் வருத்தம் வைத்திருந்தேன். அவர் எங்கிருந்து வந்தார் என்பது இப்போதுதான் தெரிகிறது. அந்த ரோலில் எனக்காக இரண்டு படங்களை மிச்சம் பிடித்து வைத்திருக்கிறார்.

என் படங்கள் இரண்டையும் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும். அந்தத் துண்டை வெட்டித் தனியே எடுத்துவிடலாமா? மற்ற நான்கையும் வீட்டில் வைத்திருக்கவே மனம் வரவில்லை.


இருட்டறை எழுதியது:

அம்மா, வெட்டாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வெட்டாதீர்கள்.

தொழில் காரணம் ஒன்று இருக்கிறது. ஓரத்தில் எண் அச்சிட்டிருக்கும் அந்த வரிசைதான் நெகட்டிவுக்குச் சாட்சி. எதற்குப் பின் எது என்பதை அது ஒன்றே சொல்லும். தனித்தனியாக வெட்டியவை விரைவில் கீறல் விழும், சுருளும், தொலையும். ஸ்கேனரில் பிடித்து வைப்பதும் கடினம். உங்கள் இரண்டு படங்களையும் வெட்டாமலே ஸ்கேன் செய்து, எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய காரணம் உங்களுக்கே தெரியும். உங்கள் அப்பாவின் அந்த ஒரு நாள் முழுதாக அந்த ஆறு படங்களில் இருக்கிறது.


துணையாசிரியர் எழுதியது:

செய்தியைத் திருத்திப் பக்கம் அமைக்கும் மேசைப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். இரவுப் பணியில் 18 ஆண்டுகள்.

வைகைக்கரை ஐயா சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ஊர் இருப்பது மிச்சப் படங்களில்தான் என்று அழகாகச் சொல்லிவிடலாம். ஆனால் பொன்னாடைப் படங்களை அவ்வளவு எளிதாகத் தள்ளாதீர்கள். ஒரு சின்ன ஊரில் ரத்ததான முகாம் நடத்திய பத்துப் பேர், "இடமிருந்து வலம்" என்று தொடங்கும் வரியில் தங்கள் பெயரைப் பார்க்கும் நாள் அவர்களுக்குப் பெரிய நாள். அந்தத் துணுக்கை வெட்டி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கடைச் சுவரில் மாட்டுகிறார்கள். எத்தனையோ மளிகைக் கடைகளில் பார்த்திருக்கிறேன். மாவட்டப் பதிப்பு உயிரோடு இருப்பது அந்தச் சுவர்களால்.

எங்கள் பக்கக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் அகலமாக எடுத்து அனுப்பிய படத்தை இரண்டு பத்தி அகலத்துக்கு நறுக்குவது நாங்கள். வெளியூர்ப் பதிப்பு முதலில் அச்சுக்குப் போகும். விளம்பரம் கடைசி நேரத்தில் வந்து இடத்தைப் பிடுங்கும். மேடையில் இருப்பவர் தங்குவார், மேடைக்குக் கீழே இருந்த கூட்டம் போய்விடும். நறுக்கியதில் போனதும் ஒரு மிச்சப் படம்தான்.


ஒற்றைக்கண் எழுதியது:

வணக்கம். எட்டு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கும் பெண். முழுக்க டிஜிட்டல். மூத்தவர்கள் சொல்வதைப் படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது.

இந்த ஆண்டு அழகர் ஆற்றில் இறங்கியதை எடுத்தேன். நள்ளிரவே போய் இடம் பிடித்தேன். கருப்பசாமி வேடமிட்டவர்கள் தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுவார்கள்; கேமராவுக்கு பிளாஸ்டிக் பை கட்டி, லென்ஸின் முகத்தை மட்டும் வெளியே விட்டுத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பொழுது புலரும் நேரம், வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். தங்கக் குதிரையும் பட்டின் நிறமும் ஒரே படத்தில் சரியாக வர வேண்டும், ஏனென்றால் அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி வந்தார் என்பதைத்தான் ஊர் முதலில் தேடும். எனக்குப் பின்னால் நிற்கும் ஆண்கள் தோளில் கேமராவை வைத்து அழுத்துவார்கள். நான் நகரமாட்டேன்.

1,500 படங்களுக்கு மேல் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே கைப்பேசிக்கு மாற்றி, சாமி கரையேறுவதற்குள் பதினைந்து படங்கள் அனுப்பிவிட்டேன். அதற்கிடையே காணொளியும் கேட்டார்கள். இதில் எனக்கென்று எது? மிஞ்சுவதற்கு ரோல் இருந்தால்தானே மிச்சம் என்று ஒன்று இருக்கும்? எல்லாமே மிச்சமாக இருக்கும்போது எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டு ஆண்டுப் படங்கள் இருந்த ஹார்டு டிஸ்க் ஒரே நாளில் போய்விட்டது. அவற்றில் என்ன இருந்தது என்பதுகூட நினைவில்லை. அதுதான் வலிக்கிறது.


வைகைக்கரை எழுதியது:

ஒற்றைக்கண் அவர்களுக்கு: நானும் கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் டிஜிட்டலில்தான் இருந்தேன். முதலில் தந்த மெமரி கார்டு 128 எம்பி. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் பிரவுசிங் சென்டருக்கு ஓடி இறக்கி, அழித்து, மறுபடி எடுப்போம். என் மிச்சப் படங்கள் அதிகம் தொலைந்ததும் அந்தக் காலத்தில்தான். பிலிம் இருந்தவரை அழிக்க வழியில்லாததால் தப்பியவை, பொத்தான் வந்ததும் போய்விட்டன.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். நாளுக்கு ஒரு படம். இரவு கார்டை இறக்கும்போது அன்றைய ஒன்றைத் தனியே எடுத்து, இடம், தேதி, என்ன நடந்தது, யார் என்று நாலு வரியை அந்தப் படக்கோப்பின் குறிப்புப் பகுதியிலேயே எழுதிவிடுங்கள். கோப்பு எங்கே போனாலும் அது கூடவே போகும். இரண்டு இடங்களில் வையுங்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம்.

துணையாசிரியருக்கு: கடைச் சுவரைப் பற்றி நீங்கள் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. என் வார்த்தை கடுமையாகிவிட்டது. திருத்திக்கொள்கிறேன்.

ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2014 மே மாதம் ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2015, 2016 இரண்டு பொங்கலுக்கும் அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு இல்லை. 2016இல் கறுப்புக்கொடி, சாலை மறியல் எல்லாம் எடுத்து முடித்துத் திரும்பும்போது வாடிவாசல் பக்கம் போனேன். ஒரு பெரியவர் தன் காளையைக் குளிப்பாட்டி, கொம்பில் சந்தனம் பூசி, பூட்டியிருந்த வாசலுக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றார். கோஷம் இல்லை, கூட்டமும் இல்லை. "வருஷா வருஷம் வந்த இடம், அதற்குத் தெரியுமில்லையா" என்றார். எடுத்தேன். அலுவலகத்தில் மறியல் படத்தைத்தான் போட்டார்கள், அது சரியும்கூட. மறுவருடம் மெரினாவிலும் மதுரைத் தமுக்கம் மைதானத்திலும் கூடிய கூட்டத்தை உலகமே பார்த்தது. அந்தக் கூட்டம் எதற்காகக் கூடியது என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தப் பெரியவரின் படத்தைத்தான் காட்டுவேன்.


பொருநை எழுதியது:

நான் வாசகன் மட்டுமே. இதைக் கேட்காமல் போக முடியவில்லை.

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். யாரும் பிழைக்கவில்லை. அந்தப் படங்கள் எல்லார் கைப்பேசிக்கும் வந்தன. இரண்டு வாரம் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. எரிகிற குழந்தையின் முன்னால் ஒருவர் கையில் எப்படிக் கேமரா இருக்க முடியும்? மனம் புண்படுத்த அல்ல, உண்மையாகவே கேட்கிறேன்.


வைகைக்கரை எழுதியது:

அன்று நெல்லையில் நான் இல்லை. அங்கே இருந்தவர்களைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வியிலிருந்து நழுவவும் மாட்டேன். என்னைப் பற்றிச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டம். மாவட்டப் புகைப்படக்காரர்கள் எல்லாரும் ஆட்சியர் அலுவலக வாசலில்தான் நிற்போம். தலையில் காலிக் குடத்தோடு ஊர்ப் பெண்கள் வருவார்கள். பட்டா கேட்டு ஒரு கிழவர் எட்டாவது மனுவோடு வருவார். எட்டையும் மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தவரையும் எடுத்திருக்கிறேன். மனு கொடுப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: கேமரா திரும்பினால் அதிகாரியின் தலையும் திரும்பும். அந்த அறிவுதான் சிலரை மண்ணெண்ணெய்க் கேனோடு வரச் செய்கிறது. அந்தக் கேனில் எங்களுக்கும் பங்கு உண்டு. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

நெல்லைச் சம்பவத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு திங்கள். நாற்பது வயது இருக்கும் ஒரு பெண், பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். எனக்கும் அவருக்கும் இடையே பத்தடி. என் விரல் இரண்டு முறை அழுத்தியது. பிறகுதான் கால் ஓடியது. எனக்கு முன்பே ஒரு பெண் காவலர் பாய்ந்து தீப்பெட்டியைத் தட்டிவிட்டார். எடுத்தது இரண்டு படம். நேரம் ஒரு நொடிதான் இருக்கும். அந்த ஒரு நொடியை இன்றுவரை எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். தீக்குச்சி முன்கூட்டியே பற்றியிருந்தால் அந்த நொடிக்கு என்ன விலை?

அன்று மாலை முடிவு செய்தேன். கையில் பாட்டிலைப் பார்த்தால் கேமராவைக் கீழே விட்டுவிட்டு ஓடுவது. அதன் பிறகு இரண்டு முறை அப்படி ஓடியிருக்கிறேன். ஒரு முறை லென்ஸ் உடைந்தது. படம் இல்லாமல் திரும்பியதற்கு அலுவலகத்தில் கேள்வி வந்தது, பதில் சொன்னேன்.

அந்தப் பெண்ணை மூன்றாவதாகவும் ஒரு படம் எடுத்தேன். அதைக் கேட்டுவிட்டு எடுத்தேன். தலையில் தண்ணீர் ஊற்றி, மர பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். அந்தப் பெண் காவலர் டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்திருந்தார். காவலரின் உள்ளங்கை அவர் முதுகில் இருந்தது. பத்திரிகையில் முதல் படம் வந்தது, முகத்தை மறைத்து. மூன்றாவது என்னிடம் இருக்கிறது.


கெடிலம் எழுதியது:

கடலூரில் நிருபராக இருந்தவன். கேமராவும் நானே.

2004 சுனாமிக்குப் பிறகு உலகம் முழுவதும் பார்த்த அந்தப் படம் எங்கள் கடலூரில்தான் எடுக்கப்பட்டது. டிசம்பர் 28, ராய்ட்டர்ஸின் ஆர்கோ தத்தா எடுத்தது. மணலில் விழுந்து கைகளை விரித்து அழும் பெண். படத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் அந்த ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வானது. இறந்த முகத்தைக் காட்டாமலே இறப்பைக் காட்டிய படம் அது. எடுக்க வேண்டுமா என்பதைப் போலவே எவ்வளவு காட்ட வேண்டும் என்பதும் புகைப்படக்காரரின் கையில்தான் இருக்கிறது என்பதை அதைப் பார்த்துத்தான் நான் கற்றேன்.

அந்த வாரம் தேவனாம்பட்டினத்தில் நான் எடுத்தவற்றில் பெரும்பாலானவற்றை யாருக்கும் காட்டியதில்லை. காட்டவும் மாட்டேன். வெளியூர்க் கேமராக்கள் எல்லாம் போன பிறகும் அங்கே போய்க்கொண்டிருந்தேன். முதல் முறை மறுபடி கடலுக்குள் கட்டுமரம் இறங்கிய காலை என்னிடம் இருக்கிறது. ஐந்து பேர் தள்ளுகிறார்கள். கரையில் ஒரு பாட்டி கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். அது செய்தியாகவில்லை.

பொருநை அவர்களே, உங்கள் கேள்வி நியாயமானது. அந்தக் கேள்வியை மறந்துவிட்ட புகைப்படக்காரரிடம் எனக்கும் பயம் உண்டு. ஆனால் யாருமே எடுக்கவில்லை என்றால் கந்துவட்டியைப் பற்றி அன்று தமிழ்நாடு பேசியிருக்குமா என்றும் யோசிக்கிறேன். இரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டியிருக்கிறது.


பொருநை எழுதியது:

பதிலுக்கு நன்றி. முழுதாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஆனால் அந்த ஒரு நொடியை ஒளிக்காமல் சொன்னீர்களே, அதற்காக வணங்குகிறேன்.


சட்டப்புத்தகம் எழுதியது:

செவ்வந்தி, வைகைக்கரை இருவருக்கும் பயன்படக்கூடிய ஒன்று. வழக்கறிஞர் தொழிலில் இருக்கிறேன்.

பத்திரிகைக்கு எடுத்த படம் எல்லாம் பத்திரிகைக்கே சொந்தம் என்று பலரும் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்தில் இருந்துகொண்டு பத்திரிகைக்காக எடுத்த படம் என்றால், அதைப் பத்திரிகையிலோ இதழிலோ வெளியிடும் உரிமைதான் உரிமையாளருக்கு. மற்ற எல்லா விதத்திலும் முதல் உரிமை எடுத்தவருக்கே. வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதியிருந்தால் அதுதான் செல்லும். ஆகவே பணியில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட தாளைத் தேடிப் படியுங்கள். வாரிசுகளுக்கும் அந்த உரிமை வரும்.

உரிமை இருக்கிறது என்பதால் எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட வேண்டாம். குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, குற்றம் சாட்டப்பட்ட சிறார் ஆகியோரின் அடையாளத்தை வெளியிட இளஞ்சிறார் நீதிச் சட்டம் தடை விதிக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் இத்தகைய பாதுகாப்பு உண்டு. 1990களில் பத்திரிகைகள் கூசாமல் போட்ட சில படங்களை இன்று யாரும் போட முடியாது, போடவும் கூடாது.


இருட்டறை எழுதியது:

செவ்வந்தி அம்மாவுக்கு, பெட்டியை என்ன செய்வது என்று.

முதலில் மோந்து பாருங்கள். புளித்த காடி வாடை வந்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்தத் துண்டுகளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள், ஏனென்றால் அது பக்கத்தில் இருப்பதையும் பிடிக்கும். இரும்புப் பெட்டியை மேல்தளத்து அறையில் வைக்காதீர்கள். திருச்சி வெயிலில் அது அடுப்பு. ஒட்டிக்கொண்ட துண்டுகளைப் பிய்த்து எடுக்க முயலாதீர்கள். ஸ்கேன் செய்வதற்கு முன் உறைகளின் மேல் அப்பா கையெழுத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உறையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பின்னால் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் திட்ட உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிச் சேகரித்து எண்ணிம வடிவில் சேமித்தது. ஸ்டுடியோக்களுக்கு நடந்தது பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா 1970இல் கேமராவைக் கீழே வைத்தவர். பிறகு நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய சேகரிப்பு தில்லியில் அல்காசி அறக்கட்டளைக்குப் போனதால் இன்று நாம் பார்க்க முடிகிறது. நம் மாவட்டத்துக்காரர்களின் பெட்டிகள் எடைக்குப் போகின்றன. நானே இரண்டு நண்பர்களின் பெட்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.


செவ்வந்தி எழுதியது:

இன்று முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். காடி வாடை மூன்று உறைகளில்தான். பிரித்துவிட்டேன். அந்தத் துண்டை வெட்டவில்லை. ஆறு படங்களையும் வரிசையாக ஒரே தாளில் பிரிண்ட் போட்டு வாங்கினேன். அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அன்றைக்கு அவர் சட்டையில் ரத்தம் இருந்தது, உனக்குத் தெரியக் கூடாது என்று உள்ளே வராமல் வாசலில் நின்றே எடுத்தார்" என்றார். படத்தில் நான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதன் காரணம் அதுதான்.


மரத்தடி எழுதியது:

வைகைக்கரை ஐயாவுக்கு. பல நாளாக வாசிக்கிறேன், இன்றுதான் எழுதுகிறேன். திங்கட்கிழமைகளில் மனுதாரர்களை எடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். என் அப்பா மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மரத்தடியில் மனு எழுதிக் கொடுப்பவராக இருந்தார். மடக்கு மேசை, கறுப்புக் குடை ஒன்றைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். 2002இல் இறந்தார். வீட்டில் அவர் படம் வாக்காளர் அட்டையில் இருப்பது மட்டும்தான். உங்கள் மிச்சப் படங்களில் அப்படி ஒருவர் இருக்கிறாரா?


வைகைக்கரை எழுதியது:

தம்பி, மனு எழுதுபவர்களை நிறைய எடுத்திருக்கிறேன். நேற்று இரவு 1997, 1998 உறைகளை மட்டும் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒருவர் மூன்று படங்களில் இருக்கிறார். அவர் மேசைக்குப் பக்கத்தில் குடை இல்லை. ஸ்கேன் செய்து தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.


மரத்தடி எழுதியது:

பார்த்தேன் ஐயா. அது அப்பா அல்ல. அவருக்கு அடுத்த மேசைக்காரர். அப்பாவின் நண்பர், எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார். அவரையும் பல ஆண்டுகளுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். அவர் பெயரையும் ஊரையும் தனிமடலில் எழுதியிருக்கிறேன், குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா எப்போதும் அவருக்கு இடப்பக்கம் உட்காருவார்.


வைகைக்கரை எழுதியது:

சேர்த்துவிட்டேன். எனக்கென்று எடுத்த படங்களில் பெயர் எழுதப்பட்ட முதல் படம் அது.

இடப்பக்கம் என்றதும் அந்த மூன்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து மறுபடி பார்த்தேன். இரண்டாவதில் இடது ஓரத்தில் ஒரு மேசையின் மூலையும், அதன் மேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்த ஒரு கல்லும் தெரிகின்றன. அதற்கு மேல் கறுப்பாக ஏதோ தொங்குகிறது. குடையின் ஓரமாக இருக்கலாம். அந்த நாளில் நான் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து நின்றிருப்பேனா என்று தெரியவில்லை. அதே ரோலின் மற்றத் துண்டுகள் வேறு உறையில் இருக்க வேண்டும். 1999 முதல் 2002 வரை இன்னும் ஒரு பெட்டி முழுதாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சம் நன்றாக இருக்கும்போது உட்காருகிறேன். உங்களால் முடிந்தால் வீட்டுக்கு வாருங்கள் தம்பி, இரண்டு பேராகப் பார்க்கலாம்.